இரண்டாவது ரிக் வண்டி

ஜூன் 9, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தன்விகா இப்போதுதான் தூங்கினாள். கடைவாய்ப் பல் முளைக்கிறது. மடியை விட்டு இறக்கினால் அழுகை. அத்தையும் மாமாவும் எப்போதோ படுத்துவிட்டார்கள். சாம்பியாவில் நீங்கள் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போனில் பேச முடிவதில்லை. மாமா ஸ்பீக்கரைப் போட்டு டிவி பக்கத்தில் வைத்துவிடுகிறார். "எல்லாம் நல்லாப் போகுதுங்கப்பா" என்கிறீர்கள். "சரி சாமி" என்கிறார். பாப்பாவைப் பற்றிக் கேட்கிறீர்கள், அத்தை பதில் சொல்கிறார். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நமக்கென்று ஒரு வார்த்தை மிஞ்சுவதில்லை. அதனால் இனிமேல் அன்றன்று நடந்ததை எழுதி உங்கள் நம்பருக்கு அனுப்பிவிடுகிறேன். நேரம் கிடைக்கும்போது படித்தால் போதும்.

இன்று காலை மாமா கூப்பிட்டார்.

"அம்மிணி, போன வருசம் ஒரு படம் போட்டுக் காட்டினியே, நடுவுல வட்டம், சுத்தியும் நாலு பொட்டி. அதை மறுக்கா ஒருக்காப் போடு."

"எதுக்குங்க மாமா?"

"ரெண்டாவது வண்டியையும் அனுப்பலாம்னு இருக்கறேன். ஆடி பொறக்கறதுக்குள்ள."

கையில் இட்லி மாவு. அப்படியே நின்றேன். நம்மிடம் இருப்பது இரண்டு ரிக் வண்டிகள். ஒன்று உங்களோடு சாம்பியாவில், சிப்பாட்டாவில். இன்னொன்று இங்கே நாமக்கல், சேலம், கரூர் என்று சுற்றிப் போர் போட்டு இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. அதுவும் கப்பல் ஏறினால் ஷெட்டில் ஆயில் கறை மட்டும்தான் இருக்கும்.

"சரிங்க மாமா" என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 10, செவ்வாய்

பழைய படத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. புதிதாகப் போட உட்கார்ந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். பாப்பா கைக்குழந்தை. வெளிநாட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எம்.பி.ஏ. படித்த மருமகள் சும்மா இருப்பாளா? ஒரு தொழில் புது நாட்டுக்குள் நுழைந்தால் அதை ஐந்து பக்கத்திலிருந்து சக்திகள் அழுத்தும் என்று காலண்டர் தாளின் பின்னால் வரைந்து காட்டினேன். ஏற்கெனவே அங்கே இருக்கிற போட்டிக்காரர்கள். நமக்குப் பின்னால் நுழையப்போகிறவர்கள். நமக்குச் சாமான் விற்கிறவர்கள். நம்மிடம் வாங்குகிறவர்கள். நமக்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்தக்கூடிய வேறு வழிகள்.

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு பேரும் நமக்கு எதிரிங்களா அம்மிணி?"

"எதிரி இல்லீங்க மாமா. நம்ம லாபத்தை ஆளுக்கொரு பக்கமா இழுக்கறவங்க."

"அப்பச் சொந்தக்காரங்க, ஒறம்பரைன்னு சொல்லு."

நீங்கள் சிரித்துக் காப்பி புரையேறி, அத்தை உங்கள் தலையில் தட்டினார். அவ்வளவு சிரித்து அதற்கப்புறம் நான் உங்களைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் போட்டி என்ற வட்டத்துக்குள் ஒரு சீனக் கம்பெனியையும் உள்ளூர்க் கம்பெனி ஒன்றையும் எழுதினேன். சென்னியப்பன் அண்ணன் பெயரை எந்த இடத்திலும் எழுதவில்லை. அவர் உங்கள் பங்காளி. நமக்கு முன்னாலேயே சிப்பாட்டா போய்க் காலூன்றியவர். "வா தம்பி, இங்க எல்லாம் நம்ம ஊர்ப் பாறைதான், நீ கண்ணை மூடிட்டு ஓட்டலாம்" என்று கூப்பிட்டதே அவர்தான். அவரைப் போய் எதில் சேர்ப்பது? இன்றும் யோசித்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், சொல்லுங்கள். முதல் கேள்வி: இப்போது அந்த ஊரில் யார் யார் வண்டி ஓடுகிறது?

ஜூன் 12, வியாழன்

பெருவிரல் படம் ஒன்று அனுப்பியிருந்தீர்கள். படித்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. சந்தோஷம்.

ஜூன் 16, திங்கள்

நேற்றுப் போனில் உங்கள் டிப்ளமோ சான்றிதழ் நகல் வேண்டும் என்று சொன்னீர்கள். இன்றைக்குப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வரும்வரை ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றோம். பாப்பா கடைக்காரரின் பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

"சாரு அங்கயே செட்டிலுங்களா?" என்று கேட்டார் அவர், பசையைத் துடைத்துக்கொண்டே.

"இல்லீங்க. பர்மிட் புதுப்பிக்கறாங்க."

நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் இரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறது. அந்த நாட்டில் இரண்டு வருஷத்துக்குக் குறைத்துத் தரமாட்டார்கள் போல. தேவை முடிந்தால் நடுவில் ரத்து செய்துகொள்ளலாம்தானே?

ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். கிடைத்ததா?

ஜூன் 18, புதன்

இன்று சாமான் விற்கிறவர்கள் பெட்டி.

போன வருஷம் எழுதியது சரியாகத்தான் இருந்தது. டீசல் அங்கே வாங்க வேண்டும், அதில் நம் கை கீழே. பிட்டும் ஹேமரும் இங்கிருந்து போகும், அதில் நம் கை மேலே. பாறையைக் குடைகிற பிட்டுத் தேய்ந்துகொண்டே இருக்கும், யார் ஊருக்கு வந்து திரும்பினாலும் பெட்டியில் நாலைந்து கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே பேசி வைத்தோம். முதலில் எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை கேட்டீர்கள். பொங்கலுக்குப் பிறகு கேட்கவே இல்லை. போன வாரம் நாமக்கல்காரர் ஒருவர் லுசாக்கா கிளம்பினார். "பிட்டு ஏதாச்சும் குடுத்து உடட்டுங்களா?" என்று மாமாவுக்குப் போன் செய்து கேட்டார். மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிட்டுத் தேயாமல் வண்டி ஓடாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பாறை அங்கே இளகலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளட்டுமா? படத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. பல்லுக்காகத்தான் அழுகிறாள் என்று டாக்டரும் சொன்னார். நான் மட்டும் மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும். கை வலிக்கும்வரை எழுதுகிறேன்.

சென்னியப்பன் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அவர் வரவில்லை, துளசி அக்காவும் குழந்தைகளும் மட்டும் சிப்பாட்டாவிலிருந்து வந்திருக்கிறார்கள். மண்டபம் நிறைய ரிக்காரர்கள். மண்டபத்துக்கு வெளியே நின்ற கார்களைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை என்று தோன்றும்.

பந்தியில் துளசி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கை நிறைய வளையல். பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பனை உரிச்சு வெச்சிருக்குது. தம்பி பார்த்தா உடமாட்டாரு. ஏன் இந்து, நீ எளைச்சுட்டே?"

"பாப்பா தூங்க மாட்டேங்கறாளுங்கக்கா."

"அதுஞ்சரி. வண்டி ஒண்ணு வருதாமா?"

"மாமா பேசிட்டிருக்கறாருங்க."

"வரட்டும் வரட்டும். இந்த வருசம் மட்டும் நம்ம ஊரு வண்டி எத்தனை வந்து எறங்கியிருக்குதுங்கறே? ஆளுக்கொண்ணு போட்டுட்டு வர்றாங்க. ஒண்ணுந் தெரியறதில்லை. வந்தவொடனே அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டுப் பேசறாங்க, அங்கிருக்கறவங்க சிரிக்கறாங்க."

"அடிக்குத்தானுங்களே பேசுவாங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உனக்குத் தெரியாதா? அங்க தண்ணி வந்தாத்தான் கணக்கு. வரலைன்னா நீ பாதாளம் வரைக்கும் ஓட்டினாலும் அது உன்ற டீசல், உன்ற பாடு. தம்பி மொதல்ல இது தெரியாமத்தான அந்த ஊர் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்ககிட்டக் கையெழுத்துப் போட்டாரு. இத்தனை கிராமத்துக்குத் தண்ணி வர்ற போர் போட்டுக் குடுக்கறேன்னு. முடிச்சுக் குடுத்தாத்தான் ஊருக்கே வர முடியும். எங்க ஊட்டுக்காரருதான் ஜாமீன் நிக்கறாரு. தம்பி சொல்லலியா?"

"சொன்னாருங்கக்கா" என்றேன்.

என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள்.

"பாவம், நல்ல பூமியெல்லாம் நாங்க மொதல்ல வந்து எடுத்துட்டோம். பொறகு வர்றவங்களுக்குத் தண்ணியில்லாத கரடுதான் மிச்சம். தம்பி வண்டி கம்ப்ரஸர் போனதிலிருந்து எங்க வண்டிலதான் நிக்கறாரு. ஏதோ, சும்மா இருக்கறதுக்கு ஒரு வேலை. ராத்திரிச் சோறு நம்ம ஊட்லதான், நீ கவலைப்படாத."

பாயசம் வந்தது. நான் வேண்டாம் என்றேன். "இதென்ன, காதுகுத்து வீட்டுல இனிப்பு வேண்டாங்கறே" என்று அவரே என் இலையில் ஊற்றச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அத்தை, "துளசி என்ன சொன்னா?" என்று கேட்டார். பாப்பா உங்களை மாதிரியே இருக்கிறாளாம் என்று சொன்னேன்.

நீங்கள் அவர் வண்டியில் நிற்பது உதவிக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பங்காளிக்குள் அதெல்லாம் சகஜம். கம்ப்ரஸர் எப்போது சரியாகும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 23, திங்கள்

இன்றைக்கு முழுவதும் ஒரே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்குபவர்கள். போன வருஷம் அதில் நான் எழுதியிருந்தது இது: பலம் குறைவு, தண்ணீர் தேடுகிறவன் பேரம் பேச மாட்டான்.

தண்ணீர் வராவிட்டால் யார் தலையில் விழும் என்று யாருமே கேட்கவில்லை. மாமா கேட்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை. நான் ஐந்து பக்கமும் அம்புக்குறி போட்டேன், அதைக் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் அது கேள்வியே இல்லை. அடிக்குக் காசு. ஈரம் வந்தாலும் அடி அடிதான், புழுதி வந்தாலும் அடி அடிதான்.

நான் வாங்குகிறவர்கள் பக்கத்தில் வளர்ந்தவள். வெள்ளக்கோவிலில் எங்கள் விவசாயக் காட்டில் அப்பா போர் போட்டபோது ஒன்பதாவது படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூரத்திலிருந்தே வெள்ளையாகப் புழுதி தெரிந்தது. வேலியோரம் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். வண்டிக்காரர் இறங்கி வந்து, "இன்னொரு நூறு அடி பார்த்தரலாங்களா?" என்றார். அப்பா தலையாட்டினார். அதற்கும் புழுதி. அன்று சாயங்காலம் வண்டிக்காரருக்குப் பணத்தைக் கொடுத்து, டீயும் கொடுத்து அனுப்பினார் அப்பா. அந்த வண்டிக்காரர்மேல் அவருக்குக் கோபமே இல்லை. மண்மேல்தான் கோபம்.

சிப்பாட்டாவில் இருக்கிற விவசாயி எங்கள் அப்பா மாதிரி இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் கொடு, காசு வாங்கிக்கொள் என்கிறான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதில் என்ன தப்பு? அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. தப்பு என்று யாரையாவது திட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு வழிகள் என்ற பெட்டியில் போன வருஷம் 'இல்லை' என்று எழுதினேன். போருக்கு மாற்று ஏது? தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராக வந்து கைப்பம்பு போட்டுத் தருகிறார்களாமே, இலவசமாக. துளசி அக்கா கை கழுவும்போது சொன்னார். இலவசத்தோடு எப்படிங்க போட்டி போடுவது?

ஜூன் 24, செவ்வாய்

நீங்கள் பதில் போடவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

மத்தியானம் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இரண்டாவது வண்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை. கேபின் கதவில் தன்விகா என்று எழுதியிருந்தது, ஈரம் காயவில்லை. நம் பெண்ணின் பெயர், அவ்வளவு பெரிய எழுத்தில்.

பெயின்டர்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து சொன்னேன். தண்ணீர் வந்தால்தான் கணக்கு என்பது, கையெழுத்துப் போட்ட போர்களை முடிக்காமல் நீங்கள் வர முடியாது என்பது, வண்டி கெட்டு நிற்பது. ஒன்றுவிடாமல் சொன்னேன். போன வருஷப் படம் தப்பு என்றும் சொன்னேன்.

மாமா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நிமிரவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சொன்னார்:

"தெரியும் அம்மிணி."

"எப்பிருந்துங்க மாமா?"

"மாசிலருந்து. ஒரு நா ராத்திரி அவனே கூப்பிட்டுச் சொன்னான். ஒரே அழுகை. அப்பறந்தான் இந்த வண்டியைக் கேட்டான். எங்கிட்ட இருக்கற வண்டி கரட்டுல ஓட்டி ஓட்டித் தேஞ்சுருச்சு, அதையும் அனுப்பினா மிச்சத்தை முடிச்சுட்டு வந்தர்றேன்னான். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னான். அவ படம் போட்டான்னா வேண்டாம்னு வந்துரும்ப்பான்னான்."

"அப்பறம் ஏனுங்க மாமா என்னையப் படம் போடச் சொன்னீங்க?"

அவர் கை கழுவ எழுந்தார். குழாயைத் திருகிக்கொண்டே முதுகைக் காட்டியபடி சொன்னார். "நீயாச்சும் வேண்டாம்னு சொல்லுவியான்னு பாத்தேன்."

"இப்பச் சொல்றேனுங்க. வேண்டாமுங்க மாமா. அந்த வண்டி போனாலும் அதே கரட்டுலதான் நிக்கோணும். அது காஞ்ச குழியா போட்டுட்டே இருக்கும், காஞ்ச குழி கணக்குல வராது, அவரு வர்ற நாளு தள்ளிட்டே போகும்."

"அதும் தெரியும்."

"பொறகு?"

"எம்பையன் கேட்டு நான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னதில்லை அம்மிணி. வண்டியை ஷெட்ல வெச்சுக்கிட்டு அவனை அங்க உட்டுட்டு, இந்த ஊர்ல நான் எந்தத் தெருவுல நடக்கறது?"

மாமா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாசி மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பீக்கரில் எல்லாம் நல்லாப் போகுதுங்கப்பா, சரி சாமி. இரண்டு பேரும் எனக்காகவும் அத்தைக்காகவும் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நான் கோபமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஜூலை 1, செவ்வாய்

உங்கள் குரல் வந்தது. பாப்பாவுக்குக் கேட்கப் போட்டுக் காட்டலாம் என்று திறந்தேன்.

"இந்து, எழுதறதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. படிச்சாத் தூக்கம் வர்றதில்லை."

அவ்வளவுதான். பின்னால் யாரோ சிரித்துப் பேசுவது கேட்டது, டிவியாக இருக்கும்.

சரிங்க. சின்னதாக எழுதுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

பல் வெளியே வந்துவிட்டது. இன்று அழவில்லை. முறுக்கு கேட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

வண்டிப் பூஜை. காலையிலேயே ஊர் கூடிவிட்டது. ரிக் வண்டி கப்பலுக்குப் போகிறது என்றால் பங்காளிகள் எல்லாரும் வந்து ஒரு எலுமிச்சம்பழமாவது வைக்க வேண்டும். மாலை போட்டுச் சாலைக்கு இறக்கிய வண்டியை மறுபடி ஷெட்டுக்குள் ஏற்றக்கூடாது. ஏற்றினால் அந்த வீட்டோடு யாரும் தொழில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தை மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு ஓடியாடினார். அவருக்கு இன்னமும் ஒன்றும் தெரியாது. "ரெண்டாவது வண்டியும் போகுதுன்னா அங்க எம்பையன் கொடி கட்டிப் பறக்கறான்னு அர்த்தம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

பூசணிக்காய் உடைத்ததும் கௌசல்யா என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேட்டுத்தெரு ரிக்காரர் வீட்டு மருமகள். வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்.

"அக்கா, எங்க ஊட்லயும் சாம்பியாதான் பேசறாங்க. நீங்க ஏதோ படம் போட்டுத்தான் எல்லாம் முடிவு பண்ணுனீங்களாமா. எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா. எங்க ஊட்டுக்காரரு நீங்க சொன்னாக் கேட்பாரு."

மாமா நாலடி தள்ளி நின்றார். சூடத் தட்டு அவர் கையில். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். சுற்றிலும் அத்தனை பேர். கௌசல்யாவிடம் போகாதே என்று சொன்னால், பிறகு ஏன் உங்கள் வண்டி போகிறது என்று கேட்பாள்.

"பார்க்கலாங் கண்ணு" என்றேன்.

புதிதாக நுழைகிறவர்கள் என்ற பெட்டிக்கு முகம் இருக்கும் என்று நான் படிக்கும்போது யாரும் சொல்லவில்லை. துளசி அக்காவும் சென்னியப்பன் அண்ணனும் நம்மிடம் எப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் முதல் வருஷம் புழுதிதான் வந்திருக்கும். யார் முன்னால் அதைச் சொல்வது?

எலுமிச்சம்பழங்களின் மேல் டயர் ஏறியது. வண்டி போய்விட்டது.

ஜூலை 7, திங்கள்

கௌசல்யா நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு முறை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் சரி என்று சொன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். என்ன செய்யட்டும்?

ஜூலை 9, புதன்

வண்டி சென்னைத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏஜென்ட் போன் செய்தார். தான்சானியாவில் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகிற கப்பலில் வெள்ளிக்கிழமை ஏற்றுகிறார்களாம். அதுவரை வண்டி நம்முடையதுதான், ஒரு போன் போட்டால் நிறுத்திவிடலாம், ஏற்றிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன். நான் இப்படி அவர் முன்னால் நின்றதில்லை.

"மாமா, வண்டியை வித்தரலாமுங்க. சென்னையிலயே. இங்க திரும்பி வர வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். அந்தப் பணத்தை வெச்சு அங்கிருக்கற வேற கம்பெனிக்காரங்ககிட்ட மிச்சப் போர்களை முடிச்சுக் குடுக்கச் சொல்லலாமுங்க. சீனாக்காரங்களோ, உள்ளூர்க்காரங்களோ. அவங்களுக்கு எங்க தண்ணி இருக்குதுன்னு தெரியும். இவரு பஸ்ஸு ஏறி, பிளேன் ஏறி வந்தரட்டும்."

"போட்டிக்காரன்கிட்டயேவா?"

"ஆமாங்க."

மாமா டிவியை அணைத்தார். பாப்பா அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"அவன் வாயால வேண்டாம்னு ஒரு வார்த்தை வரட்டும் அம்மிணி. நிறுத்திடறேன். நானா நிறுத்த மாட்டேன். நாளைக்கு என்னைய அங்க உட்டுட்டீங்களேப்பான்னு கேட்டுட்டா என்னால தாங்க முடியாது."

ஆக, ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். அதை உங்களிடம் கேட்டு மத்தியானமே என் போனிலிருந்து அனுப்பினேன். அதுவும், திங்கட்கிழமை அனுப்பியதும் எதுவும் உங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றே காட்டுகிறது. டவர் கிடைக்காத இடத்தில் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அத்தையிடம் கால் மணி நேரம் பேசினீர்கள், குரல் தெளிவாக இருந்தது. அப்போது ஏதோ டவர் இருந்திருக்கும்.

நான் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன். இணைப்பே கிடைக்கவில்லை. ஒருமுறை அடித்து நின்றுவிடுகிறது. என் போனில்தான் ஏதோ கோளாறு. நாளைக்குக் கடையில் காட்ட வேண்டும்.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. படுக்கப் போகும்முன் வந்து அவர் போனை என் மடியில் வைத்தார்.

"இதுல இருந்து அனுப்பு அம்மிணி. எம்பேரு வந்தாத் தொறப்பான்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அதனால் இது அப்பாவின் போனிலிருந்து வருகிறது. எழுதுவது நான்தான், இந்துமதி. திறந்ததும் மூடிவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டதற்கு விளக்கம் வேண்டாம். மாசியிலிருந்து சொல்லாமல் இருந்ததற்கும் வேண்டாம். எழுதுவதை நிறுத்தச் சொன்னீர்கள், இதோடு நிறுத்திவிடுகிறேன். வண்டி வர வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று மட்டும் போடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நாளை ஒரு நாள் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.